பருவ வயது டைப் 1 நீரிழிவு: மூன்று மணிக்கு 130, விடிகாலையில் 230. ராத்திரி இன்சுலினைக் கூட்டலாமா?

பேனாஊசி (கேள்வி):
14 வயதுப் பையன், 44 கிலோ, டைப் 1 வந்து 5 ஆண்டு. இரவு 9 மணிக்கு கிளார்ஜின் (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின்) 20 யூனிட், மூன்று வேளைக்கும் சேர்த்து லிஸ்ப்ரோ (சாப்பாட்டுக்கான வேக இன்சுலின்) 26 யூனிட். குரல் உடைந்துவருகிறது, கடந்த ஓராண்டில் 8 செ.மீ. வளர்ந்திருக்கிறான். ஒரு வாரச் சர்க்கரைப் பதிவு (மி.கி./டெ.லி.) ஏறக்குறைய ஒரே மாதிரி: படுக்கும்போது 140, மூன்று மணிக்கு 125–135, ஆறு மணிக்கு 220–240. ராத்திரியில் எழுந்து எதையோ தின்கிறான் என்று வீட்டில் சந்தேகம். டேவிட் டங்கர் குழுவினர் இதை வளர்ச்சி ஹார்மோனோடு சேர்த்து ஆராய்ந்ததாகத் தெரியும். அந்த ஆய்வு சொல்வது என்ன? அதை வைத்து டோஸை எப்படி மாற்றுவது? கிளார்ஜினை 24 ஆக்கினால் போதுமா?

நாளமில்லாச்சுரப்பி:
முதலில் திருட்டுத் தீனிச் சந்தேகம். தின்றதால் ஏறும் சர்க்கரை அரை மணி, ஒரு மணிக்குள் செங்குத்தாக ஏறும். தினமும் ஒரே நேரத்தில் வராது. நீங்கள் சொல்வது மூன்று மணிக்கு மேல் மணிக்கு 30, 35 என்று நிதானமாக ஏறும் கோடு, அதுவும் வாரம் முழுக்க. பையனை விட்டுவிடுங்கள்.

டங்கர் 1980, 90களில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார், 2000 முதல் கேம்பிரிட்ஜில் குழந்தை மருத்துவப் பேராசிரியர், 2021இல் காலமானார். ஆக்ஸ்ஃபோர்டில் பருவ வயதுப் பிள்ளைகளுக்கு இரவு முழுக்கச் சிறு இடைவெளிகளில் ரத்தம் எடுத்து, வளர்ச்சி ஹார்மோன், இன்சுலின், சர்க்கரை மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஜூலி எட்ஜ், டேவிட் மாத்யூஸ், டங்கர் மூவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரை, இந்த வயதில் அதிகாலை உயர்வு இரவில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனோடு தொடர்புடையது என்று காட்டியது.

நேரக் கணக்கு இப்படி: தூங்கிய முதல் சில மணி நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தில் ஹார்மோன் பெரிய அலைகளாக வரும். அது இன்சுலினை மந்தமாக்குவது உடனே தெரியாது. இரண்டு மணி நேரமாவது கழித்துத் தொடங்கிப் பல மணி நேரம் நீடிக்கும். நள்ளிரவு அலையின் விலை நாலு மணிக்கு மேல் தெரிவது அதனால்தான்.

பருவத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்சுலின் கொஞ்சம் மந்தப்படும். டைப் 1 பிள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு? கணையம் சுரக்கும் இன்சுலின் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது, அங்கே அதன் அடர்த்தி மற்ற இடங்களைவிடக் கூடுதல். தோலுக்கடியில் போடும் ஊசி உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் கல்லீரலை அடையும். வளர்ச்சி ஹார்மோன் சொல்வதைக் கேட்டு ஐஜிஎஃப்-1 (உடலை வளரச் செய்யும் புரதம்) தயாரிக்கக் கல்லீரலுக்கு அந்த இன்சுலின் தேவை. அது குறைந்தால் ஐஜிஎஃப்-1 குறையும். அதைப் பிடித்துவைக்கும் பிணைப்புப் புரதம் கூடும். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் 'போதும்' என்ற சேதி போகாது. அது இன்னும் ஹார்மோனைக் கொட்டும். வளர்ச்சிக்கு உதவாமல் சர்க்கரையை மட்டும் ஏற்றும் சுற்று இது. டங்கர் குழுவின் வேலையில் என் கணக்கில் முக்கியமான பகுதி இதுதான்.

அரையூனிட்:
டோஸ் பகுதிக்கு வருகிறேன். மொத்தம் 46 யூனிட், 44 கிலோ. கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். பருவத்துக்கு முன் 0.7 முதல் 1 வரை போதும்; பருவத்தில் 1.2க்கு மேல், சிலருக்கு 2 வரைகூடப் போகும். ஆகவே மொத்த அளவு கூடப்போவது உறுதி. எந்த நேரத்தில் கூட்டுவது என்பதுதான் விஷயம்.

கிளார்ஜினை ஒரே தாவலில் 24 ஆக்காதீர்கள். அது கோட்டின் சரிவை மாற்றாது, கோடு முழுவதையும் கீழே இறக்கும். ஆறு மணி 230ஐ 130 ஆக்கும் அளவுக்கு ஏற்றினால், மூன்று மணி 130 எங்கே போகும்? 30க்கு. இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்: காலை எண்ணை மட்டும் பார்த்து வாரா வாரம் ஏற்றுவது, பிறகு ஒரு ராத்திரி வலிப்பு.

22 வரை (பத்து சதவீதம்) போய்ப் பார்க்கலாம். அடுத்த மூன்று இரவு 12, 3, 6 மணிக்குச் சோதனை. மூன்று மணி எண் 90க்குக் கீழே வந்தால் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். அதற்கு மேல் கிளார்ஜினால் ஆகாது.

மீதியைக் காலையில் பிடியுங்கள். வழக்கமான கணக்கு: 1800ஐ நாளின் மொத்த இன்சுலினான 46ஆல் வகுத்தால் 39. அதாவது ஒரு யூனிட் லிஸ்ப்ரோ ஏறக்குறைய 40 இறக்கும். 230இலிருந்து 110க்கு 3 யூனிட். இதைக் காலைச் சாப்பாட்டு டோஸோடு சேர்த்து, 20 நிமிடம் காத்திருந்து பிறகு சாப்பிட வேண்டும். மாவுச்சத்துக்கு இதேபோல் 500ஐ 46ஆல் வகுத்தால் 11 கிராமுக்கு ஒரு யூனிட் வரும். ஆனால் காலையில் அது பெரும்பாலும் பற்றாது, 8 கிராமுக்கு ஒன்று என்று தேவைப்படலாம். ஸ்கூல் வேனைப் பிடிக்கும் அவசரத்தில் ஊசியும் இட்லியும் ஒரே நிமிடத்தில் போனால் பத்து மணிக்கு 300தான். அரை யூனிட் பேனா இருந்தால் நல்லது.

படுக்கும்போது 10 மணிக்குக் கொஞ்சம் என்பிஹெச் (நடுத்தர வேக இன்சுலின்) சேர்ப்பது பழைய வழி. உச்சம் விடிகாலையில் விழுந்தால் அழகு. பல சமயம் இரண்டு மணிக்கே விழும். பால்போல் சீராகும்வரை உருட்டிக் கலக்காவிட்டால் நாளுக்கு நாள் வேறு வேறு வேகம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்சுலின் பம்ப் கிடைத்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. 20 கிளார்ஜினுக்குப் பதில் நாளைக்கு 17 யூனிட் பேசல் (நாள் முழுக்க ஓடும் அடிப்படை அளவு), அதாவது மணிக்கு 0.7. அதிகாலை 2 முதல் 6 வரை 0.9. உயர்வு தொடங்குவதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பே ஏற்ற வேண்டும். மூன்று மணிக்கு ஏற்றினால் பலன் தெரிய நாலரை ஆகிவிடும். எந்த மாற்றமும் பார்க்கும் டாக்டரிடம் சொல்லிவிட்டு.

பழையபுத்தகம்:
இது சொமோஜி விளைவாகவும் இருக்கலாமே? ராத்திரி தாழ்ந்து, அதன் எதிர்வினையாகக் காலையில் ஏறுவது. அப்படியானால் இன்சுலினைக் குறைக்கத்தானே வேண்டும்?

அரையூனிட்:
மூன்று மணிக்கு 130 இருக்கும்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை. பொதுவாகவும், தொடர் சர்க்கரை மானி (தோலில் ஒட்டும் சென்சார்) வந்தபின் தெரிந்தது: இரவில் தாழ்ந்தவர்கள் பெரும்பாலும் காலையிலும் தாழ்வாகவே எழுகிறார்கள். தாழ்ந்ததற்காகக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகிப்போவதுதான் பெரும்பாலான 'சொமோஜி'.

மானி வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை: சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் இரண்டு மணிக்குப் பொய்யாக 55 காட்டும். கோடு திடீரென்று பள்ளத்தில் விழுந்து, புரண்டு படுத்ததும் பழைய இடத்துக்கே ஏறினால் அது அழுத்தம். விரலில் குத்திப் பார்க்காமல் டோஸைக் குறைக்காதீர்கள்.

அதிகாலை உயர்வு என்று முடிவுகட்டுமுன் இன்னும் இரண்டைத் தள்ளிவிடுங்கள். ஒன்று, ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்த கொழுப்புக் கட்டி. கையால் தடவிப் பாருங்கள், அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக ஏறாது. இன்னொன்று, பத்து மணிக்குப் பரோட்டா, சால்னா. கொழுப்பு நிறைந்த சாப்பாடு ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ஏற்றும்.

பேனாஊசி:
வயிற்றின் இடப்பக்கம் தடிப்பு இருக்கிறது, இடத்தை மாற்றச் சொல்கிறேன். சுற்றின் வேர் ஐஜிஎஃப்-1 குறைவு என்றால் அதையே ஊசியாகக் கொடுக்கலாமே?

நாளமில்லாச்சுரப்பி:
கொடுத்தே பார்த்தார்கள். டங்கர் குழு 1997இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், பருவ வயதினருக்கு இன்சுலினோடு கிலோவுக்கு 20 அல்லது 40 மைக்ரோகிராம் ஐஜிஎஃப்-1 தினமும், 24 வாரம். 40 மைக்ரோகிராம் பெற்றவர்களுக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) குறைந்தது. கருத்து சரியென்று ஆயிற்று. ஆனால் பெரியவர்களுக்குக் கூடுதல் அளவில் கொடுத்த வேறு ஆய்வுகளில் விழித்திரைப் பாதிப்பு மோசமாகும் கவலை எழுந்தது. இன்று அந்த மருந்து கடுமையான ஐஜிஎஃப்-1 குறைபாட்டால் வளராத பிள்ளைகளுக்குத்தான். டைப் 1க்கு வழக்கத்தில் இல்லை.

பலன் வேறு வழியில் வந்தது. இரவுத் தேவை நாளுக்கு நாள் மாறுவதால் நிலையான டோஸ் தோற்கும் என்பது தெரிந்த பிறகு, கேம்பிரிட்ஜில் ரோமன் ஹோவோர்க்காவோடு சேர்ந்து, சர்க்கரையைப் பார்த்து பம்பை எவ்வளவு ஏற்றி இறக்க வேண்டும் என்று சொல்லும் கணிப்புமுறையைப் பிள்ளைகளிடம் இரவில் சோதித்தார்கள் (லான்செட், 2010). இப்போது கிடைக்கும் தானியங்கிப் பம்புகளில் காலை எண்தான் முதலில் சீராகிறது.

உங்கள் பையனுக்கு இன்னொன்றும் பாருங்கள்: சிறுநீர். ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் டைப் 1 வந்த 527 பிள்ளைகளைப் பல ஆண்டு தொடர்ந்ததில், 10 ஆண்டில் சுமார் நான்கில் ஒருவருக்கு மைக்ரோ அல்புமின் (சிறுநீரில் சிறிதளவு புரதக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பின் ஆரம்ப அடையாளம்) வந்திருந்தது. தடுக்க முடியுமா என்று 10–16 வயது 443 பேருக்கு குவினாப்ரில் (ரத்த அழுத்த மாத்திரை), அடார்வாஸ்டாடின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) கொடுத்துப் பார்த்தார்கள் (2017). அல்புமின்–கிரியாட்டினின் விகிதத்தில், அதாவது முதன்மை அளவீட்டில், இரண்டுமே வேறுபாடு காட்டவில்லை. ஆகவே முன்கூட்டியே மாத்திரை வேண்டாம், ஆண்டுதோறும் சோதனை வேண்டும். காலை முதல் சிறுநீர். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி.க்கு மேல் அல்புமின் வந்தால், ஆறு மாதத்துக்குள் மூன்று மாதிரியில் குறைந்தது இரண்டு அப்படி இருந்தால்தான் கணக்கு. காய்ச்சல், முந்தைய நாள் கடும் விளையாட்டு, சிறுநீர்த் தொற்று இவை பொய்யாக ஏற்றும்.

வளர்கோடு:
ஒரு சின்னச் சேர்க்கை. 8 செ.மீ. என்பது இந்த வயதுப் பையனுக்கு நல்ல வேகம். மூன்று மாதத்துக்கொருமுறை அளந்து வரைபடத்தில் குறியுங்கள். வேகக் கணக்குக்கு இரண்டு அளவுகளுக்கிடையே ஆறு மாதமாவது வேண்டும். பருவம் தொடங்கிய பிறகும் ஆண்டுக்கு 4 செ.மீ.க்குக் கீழே இறங்கினால், எலும்பு முற்றியதாக முடிவுகட்டுமுன் டிஎஸ்ஹெச்சும் (தைராய்டு சோதனை) சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) ரத்தச் சோதனையும் செய்யுங்கள், தைராய்டுக் குறைவு, சீலியாக் இரண்டும் டைப் 1 பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருபவை. குதிகால் சுவரில் ஒட்டி, கண் நேர்கோட்டில், செருப்பில்லாமல், முடிந்தவரை நாளில் ஒரே நேரத்தில். மாலையில் ஒரு செ.மீ. வரை குறைந்து காட்டும்.