புதுப்பிப்பு: காரைக்குடியில் ஸ்டாம்ப், ஸ்கிராப்புக் சாமான்கள்

ஆச்சியின் கல்யாணப் படங்களை ஒட்டி அலங்கரித்து ஸ்கிராப்புக் ஆல்பம் செய்ய, காரைக்குடிப் பக்கம் மை தொட்டுப் பதிக்கும் ஸ்டாம்ப், தாள், மை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. இப்போதைய நிலவரம் இது.

நீங்கள் சொன்ன முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் துணி அச்சுக் கட்டை ஒன்று மாட்டியது. மாங்காய், கொடி செதுக்கல். இடுக்கெல்லாம் பழைய சாயம் கல்லாக இறுகிக் கிடந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் கோடு தெளிந்தது. தாளுக்கு அடியில் மெல்லிய ஃபோம் ஷீட் வைத்து அழுத்தினால்தான் மை சீராகப் பதிகிறது.

தாள்தான் பாடாய்ப் படுத்தியது. "சார்ட் போதாதா தம்பி?" என்கிறார்கள் ஸ்டேஷனரி கடைகளில். போதாது. அமிலமுள்ள தாள் நாளடைவில் மஞ்சளாகி போட்டோவையும் கெடுக்கும். அமிலமற்ற 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளை மதுரையில் ஓவியச் சாமான் கடையில் வாங்கினேன். விலை கொஞ்சம் கூடுதல்தான். மை பிக்மென்ட் வகை, அதாவது நிறத்துகள் கலந்தது. சீக்கிரம் மங்காது, ஆனால் காய நேரமெடுக்கும், பளபளப்புத் தாளில் ஈஷிக்கொள்ளும்.

அசல் படங்களை ஒட்டவில்லை, ஸ்கேன் பிரதிகள்தான். பக்க ஓரத்துக்கு ஆத்தங்குடித் தரைக் கல் டிசைனில் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் தருகிறார்களாம், பார்ப்போம்.