புதுப்பிப்பு: பெண்கள் மீதான வன்முறை குறித்த மனுவுக்குப் பதில் கிடைத்தது

"பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கச் சொல்லி அரசுக்கு மனு மேல் மனு கொடுத்தும் பதிலே இல்லை, என்ன செய்ய?" என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, "ஒன்றை மட்டும் கேளுங்கள்" என்ற யோசனைதான். பன்னிரண்டு கோரிக்கைகளைக் குறைத்து, வன்முறைக்கு ஆளான பெண்கள் தங்கும் காப்பகங்களுக்குத் தனி நிதி என்று மட்டும் எழுதினோம். ஆண்டுதோறும் பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25 அன்று கொடுப்பதை விட்டு, பட்ஜெட் தயாராகும்போதே கொடுத்தோம்.

"இது குடும்ப விவகாரம்" என்றார் ஓர் அதிகாரி. இங்கே ஒருவர் சுட்டிக்காட்டிய, சீடா (பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை) குழுவின் 19-ஆம் பொதுப் பரிந்துரையை (1992) எடுத்து வைத்தேன். தனிநபர் செய்யும் வன்முறையானாலும், அதைத் தடுக்கவும் விசாரிக்கவும் தண்டிக்கவும் உரிய முனைப்போடு செயல்படாவிட்டால் அரசே பொறுப்பாகலாம் என்கிறது அது. அதன்பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

எங்கள் தொகுதியின் மக்கள் பிரதிநிதி அவையில் கேள்வி எழுப்பினார். பதில் நாங்கள் எதிர்பாராதது: நிதி ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது, பெரும்பகுதி செலவழிக்கப்படாமல் திரும்பியிருக்கிறது! படித்தபோது நெஞ்சு கொதித்தது. இப்போது செலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடக் கேட்டிருக்கிறோம், எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மனு எழுதுவோர் கவனிக்க: பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர், முகவரி எதையும் இணைக்காதீர்கள். மனு பல கைகள் மாறும்.