ஒசாகா வந்ததும் படங்களில் பட்டை பட்டையாகக் கோடு: கேமரா போய்விட்டதா?

கியர்_பைத்தியம்:
வணக்கம். பயணத்தின் நடுவில் இருந்து எழுதுகிறேன், கொஞ்சம் அவசரம். கோயம்புத்தூரில் இருந்து கார் பார்க்கவும் படம் எடுக்கவும் என்றே ஜப்பான் வந்திருக்கிறேன். முதல் நான்கு நாள் டோக்கியோ. அகிஹபாராவில் யூடிஎக்ஸ் கட்டடத்துப் பாதாள பார்க்கிங்கில் சனிக்கிழமை ராத்திரி போய் நின்றால், பானெட்டில் இருந்து டிக்கி வரை அனிமே படம் ஒட்டிய இத்தாஷா வண்டிகள் ஒரு பக்கம், ஒரு கீறல் இல்லாத வெள்ளை நிசான் ஆர்32 ஸ்கைலைன் கார் இன்னொரு பக்கம், எதை முதலில் எடுப்பது என்றே தெரியவில்லை. எடுத்த அத்தனையும் சுத்தமாக வந்தது.

நேற்று ஒசாகா. தங்கியிருக்கும் இடத்துக்குக் கீழே உள்ள பார்க்கிங்கில், டியூப்லைட் வெளிச்சத்தில் நீல நிற ஆர்34 ஸ்கைலைன் ஒன்று. அதே கேமரா, அதே லென்ஸ், அதே 1/100 நொடி ஷட்டர், அதுவும் சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டர் (ராத்திரி நேரத்தில் டப் டப் என்று அடிக்கக் கூச்சம்). படத்தில் குறுக்காக மங்கலான ஆறு பட்டை! லென்ஸ் மாற்றினேன், கார்டு மாற்றினேன், செட்டிங் எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டேன். காலையில் ஒரு கடையில் காட்டினேன். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை, சென்சாரைத் துடைத்துக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் மறுபடி அதே ஆறு பட்டை. இன்னும் நாகோயா இருக்கிறது, கடைசியில் டோக்கியோவை ஒட்டிய யோகோஹாமாவில், கார் பிரியர்கள் கூடும் டைகோகு இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

படப்பெட்டி:
சென்சார் காலி நண்பா. எனக்கும் மழையில் நனைந்த பிறகு இப்படித்தான் கோடு வந்தது, அப்புறம் மொத்தமாகப் படுத்துவிட்டது. மிச்சப் பயணத்துக்குப் போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகோயாவாசி:
தம்பி, அவசரப்பட்டு எதையும் தூக்கிப் போட வேண்டாம். பகல் வெயிலில் எடுத்தால் பட்டை வருகிறதா? அதே பார்க்கிங்கில் ஷட்டரை 1/60 வைத்து எடுத்தால் என்ன ஆகிறது?

கியர்_பைத்தியம்:
வெயிலில் ஒன்றுமே இல்லை அண்ணா. 1/60 இப்போதுதான் கீழே போய் எடுத்துப் பார்த்தேன், வண்டி கிளம்பிவிட்டது, வெறும் தூணைத்தான் எடுத்தேன், ஆனால் பட்டையைக் காணோம். எப்படி?

நாகோயாவாசி:
கேமரா நன்றாக இருக்கிறது, மாறியது கரண்ட். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ் (கரண்ட் நொடிக்கு 50 சுற்று), ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியின் ஏஇஜி ஜெனரேட்டரை வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் வாங்கினார்கள், அந்தப் பிரிவினை இன்றுவரை தீரவில்லை. ஷிசுவோகா மாகாணத்தில் ஓடும் ஃபுஜி ஆறுதான் ஏறக்குறைய எல்லை. நம் ஊரும் 50 என்பதால், கோவையில் பழகின 1/100 டோக்கியோவில் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

டியூப்லைட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை மங்கி எரியும். அதாவது டோக்கியோவில் நொடிக்கு 100 துடிப்பு, இங்கே 120. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் முழுத் துடிப்புகள் அடங்கினால் படத்தின் எல்லா வரிக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். 1/100க்குள் இங்கே ஒன்றேகால் துடிப்புக்குக் கொஞ்சம் குறைவாக விழுகிறது, அந்த மிச்சம்தான் பட்டை. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் அது அப்பட்டமாகத் தெரிகிறது. ஆறு பட்டை என்று எண்ணிச் சொன்னீர்களே, அது நல்லதாகப் போயிற்று. 120 துடிப்பில் 6 பட்டை என்றால் உங்கள் கேமரா ஒரு படத்தை வாசிக்க 1/20 நொடி எடுக்கிறது. பழைய சென்சாருக்கு அது இயல்புதான்.

ஒசாகா, நாகோயா இரண்டிலும் 1/60 அல்லது 1/125 வைத்துக்கொள்ளுங்கள், 120க்கு 125 பாதகமில்லை. இன்னும் நல்லது, கூச்சத்தை விட்டுவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுவது. வண்டி நின்றுகொண்டிருந்தால் 1/20, கையை எங்காவது ஊன்றிக்கொண்டு. அதில் 100க்கு 5, 120க்கு 6 என்று இரண்டும் முழுசாக அடங்கிவிடும்.

660சிசி:
காரின் முன்னால் ரோட்டைப் பதிவு செய்ய டாஷ்கேம் மாட்டியவர்களுக்கும் இது பழைய தலைவலி. இங்கே எல்இடி சிக்னலும் கரண்டோடு சேர்ந்து துடிக்கும். 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நொடிக்கு 30 ஃபிரேமில் பதிவு செய்தால், விளக்கு அணையும் நேரத்திலேயே ஒவ்வொரு ஃபிரேமும் மாட்டிக்கொண்டு, சிக்னலே எரியாத மாதிரி தெரியும். விபத்தானால் சிவப்பா பச்சையா என்று எப்படி நிரூபிப்பது? அதனால்தான் ஜப்பானில் விற்கும் டாஷ்கேம்களில் 27.5 ஃபிரேம் போன்ற விசித்திர எண்கள் இருக்கும்.

படப்பெட்டி:
சரி, நான் சொன்னது தப்பு. நண்பா, போனில் எடுக்க வேண்டாம்.

கியர்_பைத்தியம்:
அண்ணா, பார்க்கிங் சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி. ஆனால் ஒசாகாவின் டோட்டன்போரி கடைத்தெருவில் அந்த ஓடும் மனிதன் படம் போட்ட கிளிகோ மிட்டாய் கம்பெனி விளம்பரப் பலகையை எடுத்தால் 1/60இலும் கோடு வருகிறது. அப்புறம் இன்னொன்று, புது வண்டிகளின் டெயில் லேம்ப் ஒரு படத்தில் எரிகிறது, அடுத்த படத்தில் பாதி அணைந்திருக்கிறது. பக்கத்திலேயே நின்ற பழைய நிசான் சில்வியாவின் லேம்ப் மட்டும் எல்லாப் படத்திலும் ஒழுங்காக இருக்கிறது.

நாகோயாவாசி:
அது வேறு கதை. கிளிகோ பலகை 2014இல் எல்இடி ஆகிவிட்டது. எல்இடி திரைக்கும், புது வண்டியின் டெயில் லேம்புக்கும் வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுவார்கள். அது அவர்கள் வைத்த வேகம், ஊர் கரண்டுக்குச் சம்பந்தமில்லை. அங்கே மெக்கானிக்கல் ஷட்டர், முடிந்தவரை மெதுவான வேகம், நாலைந்து படம் சேர்த்து எடுத்து நல்லதைப் பொறுக்குவது, வேறு வழியில்லை. சில்வியாவில் இருப்பது சாதா பல்பு, பேட்டரியில் நேராக எரிகிறது, அதற்குத் துடிப்பே கிடையாது.

கியர்_பைத்தியம்:
பழைய வண்டி பழைய வண்டிதான். ஞாயிறு டைகோகு போகிறேன், ரயிலில் போய் இறங்கி நடக்கலாமா?

660சிசி:
நடந்து போக வழியே கிடையாது. அது வாங்கான் எக்ஸ்பிரஸ்வேயில் இருக்கும் ஓய்விடம், எக்ஸ்பிரஸ்வே வழியாக வண்டியில்தான் நுழைய முடியும். இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி இங்கே செல்லும், ஊர் லைசென்சும் பாஸ்போர்ட்டும் கூடவே வைத்துக்கொண்டு வாடகைக் கார் எடுங்கள், இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பயமில்லை. சொந்தக் காரில் கூட்டிப் போகிறேன், இவ்வளவு கொடு என்று யாராவது சொன்னால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், காசுக்கு ஆள் ஏற்ற பச்சை பிளேட் வேண்டும், வெள்ளை என்றால் சட்டப்படி தப்பு. கூட்டம் அதிகமானால் போலீஸ் மூடிவிடும், அதனால் சீக்கிரம் போய்விடுங்கள். படத்தை வெளியிடும்போது நம்பரை மறைத்துவிடுங்கள், இங்கே அதுதான் மரியாதை.

கியர்_பைத்தியம்:
போய்விட்டு வந்தேன். ஒன்றரை மணி நேரம் கிடைத்தது, அதற்குள் மைக்கில் எல்லோரையும் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். மஞ்சள் ஆர்எக்ஸ்-7 ஒன்று கட்டடத்து விளக்கடியில் வந்து நின்றதும், பரபரப்பில் பழைய புத்தி, சத்தமில்லாத ஷட்டருக்கு மாற்றிப் பன்னிரண்டு படம் எடுத்துத் தள்ளினேன். ஒசாகாவில் வைத்த 1/125 அப்படியே இருந்திருக்கிறது. அறைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் பட்டை. எண்ணினேன் அண்ணா, இந்த முறை ஐந்து.