முதல் பக்கத்திலேயே கட்டிப்போட்ட நாவல் எது?

எனக்கு கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் 1981 நாவல், ஆங்கிலத்தில் 'Chronicle of a Death Foretold'. சாந்தியாகோ நாஸார் கொல்லப்படுவானே, அதுதான். கொல்லப்படப்போகிற அன்று அவன் காலை ஐந்தரை மணிக்கு எழுந்தான், பிஷப் வரும் படகைப் பார்ப்பதற்காக. முதல் வாக்கியத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார். சாவு தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன பதற்றம் என்று தோன்றலாம். எனக்கு அங்கேதான் பதற்றமே பிடித்தது. அவன் வெள்ளை உடை போட்டுக்கொள்வது, காபி குடிப்பது, எதையும் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. யாரோ எச்சரித்து எழுதிய கடிதம் ஒன்று கதவுக்கு அடியில் கிடக்கிறது. அவனைக் கொல்லக் காத்திருக்கிறார்கள், எந்த இடம், என்ன காரணம், எல்லாம் அதில் இருக்கிறது. அவன் அதைக் கவனிக்காமலே வெளியே போகிறான். "டேய், கீழே பாருடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை, நல்லவேளை.

இடி, மின்னல், துரத்தல் என்று தொடங்கும் நாவல்கள் என்னிடம் எடுபடுவதில்லை. ஓடுகிறவன் யாரென்றே தெரியாதபோது அவன் பிழைத்தால் எனக்கென்ன, செத்தால் எனக்கென்ன?

—

அதே 1981-இல் வந்த சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலும் சாவில்தான் தொடங்குகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று ஜோசஃப் ஜேம்ஸ் இறந்தான் என்று. காம்யு ஜனவரி 4 இறந்தது நிஜம். அந்த நிஜத்துக்குப் பக்கத்தில் ஒரு கற்பனை ஆளின் சாவை வைத்ததும், இவனும் உண்மையில் இருந்தவனோ என்று மனம் தடுமாறிவிட்டது. யாருடா இந்த ஆள், காம்யுவோடு சேர்த்துச் சொல்கிற அளவுக்கு? அந்த ஒரு கேள்வியே என்னை உள்ளே இழுத்துப்போட்டது. வேறு கொக்கி எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

—

மேலே இரண்டு பேரும் சாவையே சொல்லிவிட்டீர்கள். என்னைப் பிடித்தது ஒரு ரயில். காஃப்காவின் 'உருமாற்றம்', 1915. கிரெகர் சாம்சா பூச்சியாகிக் கண்விழிக்கிறான் என்கிற முதல் வரியை எல்லோரும் பேசுகிறார்கள். அதிர்ச்சிதான், சரி. ஆனால் என்னைப் பதறவைத்தது கடிகாரம். நாலு மணிக்கு அலாரம் வைத்தவன் பார்க்கும்போது ஆறரை. ஐந்து மணி ரயில் போய்விட்டது. தனக்கு இத்தனை கால்கள் எப்படி முளைத்தன என்று யோசிக்காமல், அடுத்த ரயில் ஏழு மணிக்கு, முதலாளி திட்டுவார் என்று கணக்குப் போடுகிறான்! அதற்குள் அம்மா கதவைத் தட்டுகிறாள். பதில் சொல்ல வாய் திறந்தால், அவன் குரலோடு ஒரு கீச்சொலியும் கலந்து வருகிறது. கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. எப்படியும் திறந்தாக வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அதைத் திறக்கவைக்க காஃப்கா எத்தனை பக்கம் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள், அழுத்தமான ஆள்.