முறுக்குக் கூடத்து பெல்லட் அடுப்பு: ஹாப்பர் அடியில் தூள் சேர்ந்து தீ அணைகிறது

பிறை_முறுக்கு:

வணக்கம். பினாங்கு, பிறை ஊரில் முறுக்கு, ஓமப்பொடி, மிக்சர் போடும் சிறிய கூடம். எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே கேஸுக்குப் பதிலாக மரத்தூள் பெல்லட் பர்னர் வைத்திருக்கிறோம். ரப்பர் மரத்தூளை அழுத்திச் செய்த 8 மி.மீ. குச்சித்துண்டுதான் பெல்லட், 15 கிலோ பை, ஒரு நாளைக்கு எட்டுப் பை ஓடும். மேலே பெல்லட் கொட்டும் சதுரத் தொட்டி (ஹாப்பர்), அதன் அடியில் பெல்லட்டைத் தள்ளும் திருகுத்தண்டு (ஸ்க்ரூ), அங்கிருந்து சரிவுக் குழாய் வழியாக பெல்லட் எரிகிண்ணத்தில் விழுகிறது. காற்று ப்ளோவரிலிருந்து வருகிறது.

திங்கள், செவ்வாயில் தீ சீராக நிற்கிறது. வியாழன் வந்தால் ஸ்க்ரூ கிரீச்சென்று கத்துகிறது, கியர் மோட்டார் சூடேறி நின்றுவிடுகிறது. சில நேரம் தீ குபீரென்று மஞ்சளாக எழும்பி, கரும்புகை கக்கி, ஐந்து நிமிடத்தில் படுத்துவிடுகிறது. எண்ணெய் 180 டிகிரியிலிருந்து 150-க்கு இறங்கினால் முறுக்கு எண்ணெய் குடித்துவிடும், அந்த ஈடு முழுவதும் வீண். ஹாப்பரைத் திறந்தால் நான்கு மூலையிலும் மரத்தூள் குவிந்து கிடக்கிறது. பர்னர் விற்றவர் பெல்லட் மட்டம் என்கிறார். பெல்லட் விற்பவர் மோட்டார் கோளாறு என்கிறார். ப்ளோவரைக் கூட்டிப் பார்த்தோம், புகைபோக்கி வாயில் தீப்பொறி பறக்கிறது. தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் சரிசெய்ய வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பட்டர்வொர்த்_ஃபிட்டர்:

முதலில் ப்ளோவரைப் பழைய அளவுக்குக் குறையுங்கள், இன்றைக்கே. பெல்லட் கனமானது, கிண்ணத்தில் உட்கார்ந்து எரியும். தூள் உட்காராது. காற்றைக் கூட்டினால் பாதி எரிந்த தூள் அப்படியே மேலே ஏறிப் புகைபோக்கிக்குப் போகும். நீங்கள் பார்க்கும் பொறி அதுதான். பக்கத்தில் கொதிக்கும் எண்ணெய் இருக்கும் இடத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

வார ஆரம்பத்தில் நன்றாக ஓடி வியாழனில் கெடுவதிலேயே காரணம் தெரிகிறது. நல்ல பெல்லட் பையிலும் அரை சதவீதம் தூள் இருக்கும். நாளைக்கு 120 கிலோ என்றால் 600 கிராம், ஐந்து நாளில் 3 கிலோ. ஹாப்பரில் பெல்லட் உருண்டு நடுவில் இறங்கும், தூள் சந்து வழியாகச் சொட்டி மூலைகளில் தங்கும். பாதியாவது அவ்வப்போது ஸ்க்ரூவோடு போய்விடும். மீதி தங்கி, ஒரு நாள் பெல்லட் மட்டம் இறங்கும்போது மொத்தமாகச் சரிந்து உள்ளே போகும். அப்போது கிண்ணத்துக்கு வருவது பெல்லட்டே அல்ல, ஒரு பிடி மரப்பொடி. அது ஒரே மூச்சில் பற்றிக் காற்றையெல்லாம் தின்றுவிடும், அதனால்தான் மஞ்சள் தீயும் கரும்புகையும். எரியாமல் மிஞ்சியது கிண்ணத்தின் காற்றுத் துளைகளை அடைக்கும், தீ படுத்துவிடும்.

பாதி ஹாப்பர் காலியானதும் மேலே கொட்டுவது, மறுபடி பாதியானதும் மேலே கொட்டுவது: எல்லாக் கூடத்திலும் இருக்கும் பழக்கம். அடியில் இருக்கும் தூள் வெளியேற வழியே கிடையாது. வாரம் ஒரு முறை, சனிக்கிழமை கடைசி ஈட்டில் ஹாப்பரை ஏறக்குறைய காலியாக ஓட்டி, அடுப்பு ஆறியபின் மூலைகளை வாக்குவம் வைத்து எடுத்துவிட வேண்டும். கடைசி இரண்டு மூன்று கிலோவை எரிக்கப் பார்க்காதீர்கள், அதில்தான் தூள் முழுவதும் இருக்கிறது. கையால் அள்ளி வெளியே எடுங்கள்.

ஹாப்பரின் சரிவையும் அளந்து பாருங்கள். நான்கு பக்கத் தகடும் 45 டிகிரி என்றால் போதும் என்று நினைப்போம். ஆனால் இரண்டு தகடு சேரும் மூலையின் சரிவு 35 டிகிரிதான் வரும், தூள் அங்கே நகராது. பக்கங்கள் 60 டிகிரி இருந்தால் மூலை 50-ஐத் தாண்டும், ஓரளவு தானே வழியும். ஹாப்பரை மாற்ற முடியாவிட்டால் ஒவ்வொரு மூலையிலும் வழவழப்பான ஸ்டெயின்லெஸ் தகட்டை வளைத்து ஒட்டி மூலையை உருண்டையாக்கிவிடலாம். வெல்டிங் கடையில் அரை நாள் வேலை.

ஸ்க்ரூ கத்துவதற்கு மோட்டார் காரணமல்ல. ஸ்க்ரூ இலைக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் தூள் நுழைந்து அரைபட்டு, பலகை மாதிரி இறுகிவிட்டது. எண்ணெய், கிரீஸ் எதுவும் விடாதீர்கள், தூளோடு சேர்ந்து இன்னும் கெட்டியாகும். மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, ஹாப்பரைக் காலிசெய்து, மோட்டாரைக் கழற்றி ஸ்க்ரூவை வெளியே உருவுங்கள். குழாயின் உள்சுவரைத் தட்டையான இரும்புப் பட்டையால் சுரண்டுங்கள். அடிமுனைத் தகட்டை மறக்க வேண்டாம், கெட்டிக்கட்டி அங்கேதான் அதிகம் இருக்கும். பை தைத்த நூல் ஸ்க்ரூத் தண்டில் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். பை பிரிக்கும்போது நூல் உள்ளே விழுந்தால் பேரிங் பக்கம் போய்ச் சிக்கிக்கொள்ளும். கடைசியாக, கிண்ணத்தின் துளைகளை ஒவ்வொன்றாக அதே அளவு டிரில் பிட்டைக் கையால் திருகித் திறந்துவிடுங்கள்.

கெப்போங்_பயோமாஸ்:

ஃபிட்டர் அண்ணன் சொன்னது சரி. ஆனால் யார் மேல் தப்பு என்ற சண்டையை ஒரு தராசு தீர்த்துவிடும். அளக்காமல் விற்பவரிடம் பேசினால் அவர் சொல்வதுதான் நிற்கும்.

3 மி.மீ. கண் உள்ள சல்லடை ஒன்று வாங்குங்கள். பெல்லட் தரத்தில் தூள் என்பது 3.15 மி.மீ. துளை வழியாக விழுவது. மர பெல்லட்டுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 17225-2, அதன் ஏ1 வகுப்பில் தூள் 1 சதவீதத்துக்குள், ஈரம் 10 சதவீதத்துக்குள், சாம்பல் 0.7 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு விற்கும் இஎன்பிளஸ் முத்திரைப் பைகளில் தூள் அரை சதவீதம்தான் அனுமதி. அந்தக் கணக்கில் 15 கிலோ பைக்கு 75 கிராம்.

ஒரு முழுப் பையைக் கொட்டிச் சலியுங்கள். மேலே இருந்து இரண்டு கிலோ அள்ளிச் சலிப்பது ஏமாற்றும், தூள் பையின் அடியில்தான் இருக்கும். மெதுவாக ஆட்டுங்கள், ஓங்கி உலுக்கினால் நீங்களே தூள் உண்டாக்குவீர்கள். லோரியிலிருந்து இறங்கியவுடன் ஒரு பை, உங்கள் ஸ்டோரில் மூன்று வாரம் கிடந்த பை ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் கோளாறு உங்கள் ஸ்டோரில். முதல் பையிலேயே 150 கிராமுக்கு மேல் வந்தால் விற்பவரிடம் அந்தத் தூளையும் தராசையும் காட்டிப் பேசுங்கள்.

பினாங்கு ஈரத்தில் கோளாறு ஸ்டோரில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. பெல்லட்டில் பசை கிடையாது. அழுத்தத்திலும் சூட்டிலும் மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகிப் பிடித்துக்கொள்வதுதான். ஈரம் ஏறினால் நார் உப்பி, பிடிப்பு விட்டு, பழையபடி மரத்தூளாகிவிடும். சிமெண்டுத் தரையில் நேராக அடுக்கினால் அடிப்பை வியர்வையிலேயே கெடும். மரப் பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) மேல் வையுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஏழு அடுக்குக்கு மேல் வேண்டாம், கீழ்ப்பை நசுங்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில் லோரியிலிருந்து இறக்கும்போது ஓட்டை விழுந்த பையைத் தனியே எடுத்து முதலில் எரித்துவிடுங்கள். பையைத் தோளிலிருந்து தொப்பென்று போடுவதை ஆட்களிடம் சொல்லி நிறுத்துங்கள். ஒவ்வொரு வீழ்ச்சியும் தூள்.

இன்னொன்று: தீபாவளி முடிந்து ஒரு வாரம் பூட்டுவீர்கள். அப்போது ஸ்க்ரூவுக்குள் பெல்லட் இருக்கவே கூடாது. உள்ளேயே உப்பி இறுகும், திரும்பி வந்து சுவிட்சைத் தட்டினால் கியர் பல் உடையும்.

விலை குறைவு என்று எண்ணெய்ப்பனைக் குலைநாரில் செய்த பெல்லட்டுக்கு மாறிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம், சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகிக் கண்ணாடிக் கட்டியாகக் கிண்ணத்தில் ஒட்டும். அதற்கென்று செய்த நகரும் தட்டு உள்ள பர்னரில்தான் ஓடும்.

பிறை_முறுக்கு:

இருவருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். லோரியிலிருந்து இறங்கிய பை: 60 கிராம். ஸ்டோரில் சுவரோரம் அடியில் கிடந்த பை: 410 கிராம். ஹாப்பர் அடியிலிருந்து அள்ளிய 5 கிலோவில் 1.3 கிலோ தூள். விற்பவர் மேல் தப்பில்லை. பேலட் வாங்கிவிட்டோம். ஸ்டோரில் இன்னும் 60 பை பழையது இருக்கிறது. அதைத் தூக்கிப் போடாமல் சலித்துப் பயன்படுத்த வழி உண்டா? ஒவ்வொரு பையையும் கையால் சலிக்க ஆள் இல்லை.

பட்டர்வொர்த்_ஃபிட்டர்:

சரிவுச் சல்லடை ஒன்று செய்துவிடுங்கள், ஒரு பை ஒரு நிமிடத்தில் முடியும்.

3 மி.மீ. வட்டத் துளை போட்ட ஸ்டெயின்லெஸ் தகடு, 80 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். கம்பி வலை வேண்டாம், அதன் முடிச்சு பெல்லட்டைத் தேய்த்துப் புதுத்தூள் உண்டாக்கும், துளைத்தகடு வழுக்கி விடும். இரண்டு பக்கமும் 8 செ.மீ. உயர விளிம்பு. 40 டிகிரி சரிவில் நிறுத்துங்கள். அதைவிடச் சாய்த்தால் பெல்லட் ஓடிவிடும், தூள் விழ நேரம் இருக்காது. படுக்க வைத்தால் நகராது. தகட்டுக்குக் கீழே மூடிய பெட்டி, அதில் இழுக்கும் டிராயர். பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு அங்குல ஓட்டை போட்டு வாக்குவம் குழாயை மாட்டினால் தூசி முகத்தில் அடிக்காது. வாக்குவத்துக்கு முன்னால், காற்றைச் சுழற்றித் தூளைத் தனியே பிரிக்கும் சைக்ளோன் வாளி ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் ஃபில்டர் பத்துப் பையில் அடைத்துவிடும்.

மேல்முனையில் பையைச் சாய்த்து மெதுவாகக் கொட்டுங்கள். தகட்டின் மேல் பெல்லட் இரண்டு அடுக்குக்கு மேல் நிற்கக் கூடாது. தடித்து வந்தால் மேல் அடுக்கின் தூள் தகட்டைத் தொடாமலே ஹாப்பருக்குப் போய்விடும். கீழ்முனையில் ஒரு பட்டைக் காந்தம் ஒட்டிவிடுங்கள், ஆணித்துண்டு வந்தால் பிடித்துக்கொள்ளும். கீழ்முனைக்கும் ஹாப்பரில் இருக்கும் பெல்லட் மட்டத்துக்கும் இடையே உயரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

சலித்த பழைய பெல்லட்டைத் தனியாக எரிக்காதீர்கள். ஈரம் ஏறிய பெல்லட் சல்லடையில் தேறினாலும் ஸ்க்ரூவில் நொறுங்கும். ஒரு பழைய பைக்கு மூன்று புதுப்பை என்று கலந்து ஓட்டுங்கள். கையில் எடுத்து உடைத்தால் பட்டென்று முறிய வேண்டும். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் அந்தப் பை ஹாப்பருக்கு வேண்டாம்.

சமையற்கூடப்_பாதுகாப்பு:

தாமதமாக வருகிறேன், ஆனால் உங்கள் பர்னரில் தூளைவிட என்னை உறுத்துவது அந்தச் சரிவுக் குழாய். ப்ளோவர் உள்ளே தள்ளும் காற்று வழி கிடைத்தால் அதே குழாயில் மேலேயும் ஏறும். சூடும் நீராவியும் சேர்ந்து குழாய்ச் சுவரில் தூளைப் பசையாக ஒட்டவைக்கும். மின்சாரம் போய் ப்ளோவர் நின்றுவிட்டால், ஒட்டிய தூள் கனன்று தீ மெல்ல ஹாப்பரை நோக்கி ஏற வாய்ப்பு உண்டு. ஆகவே ஹாப்பர் மூடிக்கு ரப்பர் கேஸ்கெட் வைத்து இறுக மூடுங்கள். காற்று மேலே வெளியேற வழியில்லை என்றால் சூடும் ஏறாது. சரிவுக் குழாயை நாள்தோறும் காலையில், அடுப்பு குளிர்ந்திருக்கும்போது, குழாய் பிரஷ்ஷால் ஒரு தடவை உருவுங்கள். அந்தக் குழாயின் மேல் சூடு கண்டால் ஸ்க்ரூவை நிறுத்தும் தெர்மல் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பர்னர் விற்றவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தூள் எடுக்கும் வாக்குவத்தால் சாம்பலை எடுக்கவே கூடாது. சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மரத்தூள் நிறைந்த பைக்குள் அது போனால் வாக்குவமே அடுப்பாகிவிடும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டுச் சிமெண்டுத் தரையில், சுவரையும் சாக்கையும் விட்டுத் தள்ளி வையுங்கள்.

கம்ப்ரஸர் காற்றால் தூளை ஊதித் துடைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். காற்றில் மிதக்கும் மரத்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது. உத்தரத்தின் மேலும் விளக்குக் கூட்டின் மேலும் படிந்ததை மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடையுங்கள், மேலிருந்து கீழாக. சலிப்பவருக்கு என்95 முகக்கவசம் கட்டாயம். மரத்தூசியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மாவு சலிக்கும் இடத்திலும் எண்ணெய்ச் சட்டி பக்கத்திலும் இந்த வேலை நடக்கக் கூடாது என்பதை நீங்களே அறிவீர்கள்.

பிறை_முறுக்கு:

தெர்மல் சுவிட்ச் இல்லை. நாளைக்கே கேட்கிறேன். சலித்த தூளை என்ன செய்வது? வாரம் மூன்று நான்கு கிலோ சேரும் போலிருக்கிறது.

கெப்போங்_பயோமாஸ்:

அடுப்பில் மட்டும் திரும்பப் போடாதீர்கள், ஒரு கைப்பிடி கூட. குபீரென்று எழும்பும். வெங்காயத் தோல், தேங்காய்த் திருவல் மாதிரி ஈரக்கழிவோடு கலந்து உரக்குழியில் போட்டால் நாற்றம் அடங்கும், மக்கவும் செய்யும். செடிக்கு நேராகப் போட வேண்டாம், மக்கும்போது மண்ணின் நைட்ரஜனை அது எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். தரையில் சிந்திய எண்ணெயை உறிஞ்சவும் நல்லது. ஆனால் எண்ணெய் குடித்த தூளைக் கூடத்துக்குள் குவித்து வைக்காமல், மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டு அன்றன்றைக்கே வெளியேற்றிவிடுங்கள்.