அம்மா கையில் காசே இல்லை, எல்லாம் அப்பாவின் போனில்தான். உங்கள் வீட்டில் எப்படி?

கோபிப்பொண்ணு:
போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன், கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். கிளம்புகிற நேரத்தில் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய், "கண்ணு, ஐந்நூறு ரூபாய் இருந்தா நோட்டாக் குடு, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு, தன் கையால் ஏதாவது வைக்க வேண்டுமாம். அம்மா என்னிடம் காசு கேட்டது அதுதான் முதல் தடவை. கோயம்புத்தூர் வந்து சேரும் வரைக்கும் எனக்கு அந்த நினைப்புதான்.

அப்பா கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு போனில் பணம் அனுப்பப் பழகினார், இப்போது பால், காய்கறி, மளிகை, கேஸ் எல்லாமே ஜிபேதான். அதற்கு முன்பு மாசம் பிறந்தால் வீட்டுச் செலவுக்கு என்று அம்மா கையில் எண்ணிக் கொடுப்பார், அதில் மிச்சம் பிடித்தது அம்மாவுடையது. பழைய தகர டப்பாவில் துவரம்பருப்புக்கு அடியில் கையை விட்டு எடுப்பார், தீப்பெட்டி அளவுக்கு மடித்து ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுகள், பிரித்தால் பருப்பு வாசம் வரும். என் முதல் ஜிமிக்கி அந்தச் சிறுவாட்டில் வாங்கியது. கல்லூரியில் கடைசி செமஸ்டர் பரீட்சைக் கட்டணமும் அதிலிருந்துதான் வந்தது.

இப்போது எது வேண்டும் என்றாலும் அப்பாவிடம் சொல்ல வேண்டும். "யாருக்குன்னு சொல்லு, அனுப்பிடறேன்" என்பார், இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் எதற்கு, யாருக்கு என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? டவுன் பஸ்ஸும் பெண்களுக்கு இலவசம் ஆன பிறகு "உனக்குக் கையில எதுக்குக் காசு" என்று ஒருதரம் கேட்டாராம். சும்மா கேட்டதுதான். அம்மா அதை இன்னும் மறக்கவில்லை.

நான் மாதாமாதம் கொடுக்கலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அது மகள் கொடுக்கிற காசு, அவர் மிச்சம் பிடித்த காசு ஆகாது. அப்பா மனம் நோகாமல் இதை எப்படிச் சரி செய்வது? அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்தான்.

பழைய கேஷியர்:
மகளே, நான் முப்பது வருஷம் வங்கி கவுண்டரில் இருந்தவன். முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். அம்மா பெயரில் மட்டும் கணக்கு இருக்கிறதா? இருந்தால் அதில் யாருடைய போன் நம்பர் பதிவாகியிருக்கிறது? நான் பார்த்த வரையில் பாதிப் பேருக்குக் கணவர் நம்பர், இல்லாவிட்டால் மகன் நம்பர். நூறு ரூபாய் எடுத்தாலும் மெசேஜ் அங்கே போகும். "என் பையனுக்குத் தெரியாம மீதி எவ்வளவுன்னு சொல்லுங்க சார்" என்று பாஸ்புக்கைச் சேலைத் தலைப்பில் மறைத்து நீட்டுகிற அம்மாக்களுக்கு நான் எத்தனையோ தடவை துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை பெண்கள் கணக்குக்கே போனது, நல்ல காரியம். ஆனால் அந்த ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் இல்லையா?

கிளைக்கு நேரில் போய் அவருடைய பட்டன் போன் நம்பரையே பதிவு செய்யுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைக் கணக்கே போதும். பட்டன் போனிலிருந்து பணம் அனுப்பவும் 2022 முதல் யுபிஐ 123பே என்ற வசதி இருக்கிறது, ஒரு நம்பருக்குக் கூப்பிட்டு, குரல் சொல்கிறபடி அழுத்தினால் போதும்.

இன்னொன்று. யுபிஐ சர்க்கிள் என்று யாராவது சொல்வார்கள். அப்பா கணக்கிலிருந்தே அம்மா மாதம் 15,000 வரை செலவு செய்யலாம் என்பது அதில் ஒரு வகை. அதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும் என்பது ஒருபக்கம், ஒவ்வொரு செலவும் அப்பாவுக்குத் தெரியும் என்பது இன்னொரு பக்கம். உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம்.

திருச்சி வாசி:
எனக்கு இதில் கொஞ்சம் வேறு கருத்து. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது எங்கள் அம்மா ஒன்றுமே பேசவில்லை. பழைய நோட்டை வங்கியில் கட்டக் கடைசி நாளான டிசம்பர் 30 தாண்டி, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போதுதான் பரணில் இருந்த பித்தளைத் தூக்கிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். இருபத்து மூவாயிரம், எல்லாம் ஐந்நூறு. முன்பே சொன்னால் அப்பா என்ன நினைப்பாரோ என்று பயந்து, அந்த ஐம்பது நாளும் தனியாகத் தவித்திருக்கிறார். அந்த நோட்டுகளை இன்னும் வைத்திருக்கிறோம், தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஒளித்து வைக்கிற காசுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு, அதனால் அப்பாவிடம் நேராகப் பேசுங்கள். மாதம் இவ்வளவு அம்மாவுக்கு, நோட்டாக, கணக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர் கேட்டுக்கொள்கிற ஆள் மாதிரிதான் தெரிகிறது.

மதுரை மல்லி:
அக்கா, வாங்குகிறவர்களுக்கு மட்டும் இல்லை, விற்கிறவர்களுக்கும் இதே கதைதான். எங்கள் அம்மா கோயில் பக்கம் பூ விற்கிறார். க்யூஆர் அட்டை அண்ணன் கணக்கில் இருந்தது. பணம் வந்ததும் சொல்கிற பெட்டி ஒன்று கூடவே இருக்கும், அது நாள் முழுக்க "இருபது ரூபாய் பெறப்பட்டது, நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லும். அம்மாவும் கேட்டுக்கொண்டே பூக் கட்டுவார். ராத்திரி பார்த்தால் சுருக்குப்பையில் நூறு ரூபாய் இருக்காது. விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் சரக்கு எடுக்க அண்ணனிடம் கேட்க வேண்டும். கொடுப்பான், கொடுக்காமல் இல்லை. ஆனால் "இவ்வளவா?" என்று ஒரு வார்த்தை வரும். முதல் போட்டு, வெயிலில் உட்கார்ந்து விற்றவர் தன் காசையே கேட்டு வாங்குவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

போன வருஷம் நானே லீவு போட்டு அம்மா பெயரில் கணக்குத் தொடங்கி அட்டையை மாற்றினேன். ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி பெயர் இருந்ததால் நாலைந்து நடை ஆனது. இப்போது பெட்டி ஒவ்வொரு தடவை சொன்னதும் அம்மா பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கோட்டுக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. நீங்களும் தள்ளிப் போடாதீர்கள் அக்கா.

கோபிப்பொண்ணு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் பேசினேன். முதலில் "நான் என்னைக்குக் கணக்குக் கேட்டேன்?" என்று குரல் உயர்ந்தது. கேட்கவில்லைதான் அப்பா, ஆனால் உங்கள் போனில் எல்லாம் தெரிகிறதே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "சரி சாமி" என்று வைத்துவிட்டார்.

நேற்று அம்மா கூப்பிட்டார். அப்பா ஏடிஎம்மில் எடுத்து அடுப்படி மேடையில் வைத்தாராம், எவ்வளவு என்று என்னிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அந்தப் பழைய தகர டப்பாவை நீ எடுத்துட்டுப் போனியே, அடுத்த தடவை வரும்போது கொண்டா" என்றார்.

வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன், வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கேஷியர் ஐயா, அம்மாவிடம் பான் கார்டு கிடையாது, பரவாயில்லையா?

பழைய கேஷியர்:
பரவாயில்லை மகளே. பான் இல்லாதவர்களுக்கு ஒரு உறுதிமொழிப் படிவம் உண்டு, கிளையிலேயே கேளுங்கள். ஆதார், இரண்டு போட்டோ, அந்தப் பட்டன் போன், மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்கு முன்பே போய்விடுங்கள்.