டீ பாக்டரியிலிருந்து காளான் கொட்டகைக்கு

கோத்தகிரியிலிருந்து:

பதினோரு வருஷம் கோத்தகிரி பக்கம் ஒரு டீ பாக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதிக்கு சூப்பர்வைசராக இருந்தேன். கொழுந்து வரத்து குறைந்ததும் முதலில் இரவு ஷிப்டை நிறுத்தினார்கள். அப்புறம் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. 2022 மழைக்காலத்தில் ஒருநாள் முதலாளி எங்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். பாக்டரியில் டீ கிடைப்பது அதிசயமில்லை. அவரே கையில் எடுத்துக் கொடுத்ததுதான் வயிற்றைக் கலக்கியது.

கிராஜுவிட்டி வந்துவிட்டது. கடைசி அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கினால் வரும் தொகை. பி.எஃப்.தான் இழுத்தடித்தது. நான் வேலையை விட்ட தேதியை ஆபீஸில் பதியவே இல்லை. நடையாய் நடந்தேன். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்தால் நாமே ஆன்லைனில் அந்தத் தேதியைப் பதியலாம் என்று மச்சினன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதுவரை பஸ் காசு போனதுதான் மிச்சம்.

மற்ற பாக்டரிகளிலும் ஆள் குறைக்கிற பேச்சுதான். திருப்பூருக்குப் போகலாம் என்றால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அப்போதுதான் ஒரு பட்டன் காளான் பண்ணையில் ஆள் கேட்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எனக்கும் காளானுக்கும் குழம்போடு சரி. மேனேஜர் சின்னப் பையன். சுவரில் ஜோடியாக மாட்டியிருந்த தெர்மாமீட்டரைக் காட்டி, "இது என்னன்னு தெரியுங்களாண்ணா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரை பல்ப், வெட் பல்ப். ஒன்றின் அடியில் ஈரத்திரி சுற்றியிருக்கும். இரண்டும் காட்டும் டிகிரிக்கு நடுவில் வித்தியாசம் கூடினால் காற்று காய்ந்திருக்கிறது. குறைந்தால் காற்றில் ஈரம். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் கொழுந்து பரப்பும் ட்ரஃபுக்குச் (நீளத் தொட்டிக்கு) சூட்டுக் காற்று விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்தேன். "திரி காய்ஞ்சு கிடக்குதே தம்பி, இது காட்டுறது தப்பு" என்றேன். தொட்டுப் பார்த்தான். மறுநாளே வரச் சொன்னான்.

சம்பளம் மூவாயிரம் குறைவு. வேலையும் தலைகீழ். அங்கே இலையிலிருந்து ஈரத்தை விரட்டுவோம். இங்கே ஈரம் போகாமல் காவல். காளான் எடுக்கும் கட்டத்தில் 16 முதல் 18 டிகிரி, ஈரப்பதம் 85 முதல் 90 சதவீதம் இருக்க வேண்டும். அதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. காளானும் மூச்சு விடும் என்பதுதான் தெரியாது. குளிர் அதிகம் என்று ஒருநாள் காற்றுப் போக்கியை அடைத்துவிட்டேன். கரியமில வாயு சேர்ந்து, ஒரு அறை முழுக்கத் தண்டு நீண்டு குடை சிறுத்துவிட்டது. அந்த இருபத்தாறு வயதுப் பையனிடம் திட்டு வாங்கினேன். சம்பளக் குறைவைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அதை விழுங்க ஒரு வாரம் ஆனது.

கொடைக்கானலிலிருந்து:

திரி கதை அருமை அண்ணா. நான் இங்கே ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்தேன். 2020 ஊரடங்கில் வேலை போனது. பூம்பாறைப் பக்கம் மலைப்பூண்டு வாங்கி வடுகபட்டி பூண்டுச் சந்தைக்கு ஏற்றும் வியாபாரியிடம் கணக்கு எழுதச் சேர்ந்தேன். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, "அசல் கொடைக்கானல் பூண்டுதானா?" என்று போனில் குடைபவர்கள் அதிகம். வெந்நீர் வரவில்லை என்று நடுராத்திரி கத்தினவர்களைச் சமாளித்த எனக்கு இது ஒன்றுமேயில்லை. முதல் வாரம் வீட்டில் மனைவி என் சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்தாள். இப்போது அவளும் பூண்டு தரம் பிரிக்க வருகிறாள்.

என் பழைய பி.எஃப். அப்படியே கிடக்கிறது. தேதி பதியும்போது ஓ.டி.பி. எந்த நம்பருக்கு வரும்? பழைய சிம் இப்போது இல்லை.

கோத்தகிரியிலிருந்து:

ஆதாரில் இருக்கும் நம்பருக்குத்தான் தம்பி. முதலில் ஆதார் மையத்தில் புது நம்பரைச் சேர்த்துவிடுங்கள். சீக்கிரமே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும்.